தமிழகக் காற்றாலை வளர்ச்சியும் அரசுக் கொள்கையும்: வரிச்சலுகை, மின் வங்கி முறை குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகக் காற்றாலை வளர்ச்சி குறித்த அறிக்கைகள் பெரும்பாலும் நிறுவுதிறனையே அளவுகோலாகக் கொள்கின்றன. எத்தனை மெகாவாட் நிறுவப்பட்டது என்பதே அவற்றின் முதல் வினா. யார், எதற்காக நிறுவினர் என்ற வினா அரிதாகவே எழுகிறது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்ட பின்னரும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் போன்ற மிகச் சிறந்த காற்றுத்தளங்களில் 1990களின் சிறு எந்திரங்கள் பல இன்றும் சுழல்கின்றன. அவை அங்கு வந்ததற்கும் இன்னும் நீடிப்பதற்கும் உரிய காரணங்களுள் பெரும்பகுதி வருமான வரி விதிகளிலும் மின்வாரியத்தின் கணக்குமுறையிலும் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

அரசின் முன்முயற்சி

1970களின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து நடுவண் அரசு 1981இல் கூடுதல் எரிசக்தி ஆதாரங்களுக்கான ஆணையத்தையும் 1982இல் மரபுசாரா எரிசக்தித் துறையையும் அமைத்தது. அத்துறை 1992இல் தனி அமைச்சகமாயிற்று. வானிலையியலாளர் அன்னா மணி தொகுத்த காற்றுத் தரவுகள் 1983இல் நூலாக வெளிவந்தன. தளத் தேர்வுக்கு அறிவியல் அடிப்படை அமைந்தது இத்தகைய அளவீடுகளால்தான். 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் எந்திரங்களைக் கொண்ட செயல்விளக்கப் பண்ணை நிறுவப்பட்டது. கயத்தாறு முதலிய இடங்களில் மின்வாரியமே பண்ணைகளை அமைத்தது. அரசு வழிகாட்டியாக நின்ற இக்கட்டம் நெடிது நீளவில்லை.

வரி நாட்காட்டியும் காற்று நாட்காட்டியும்

1990களில் தனியார் முதலீட்டை ஈர்த்த முதன்மைக் கருவி விரைவுபடுத்தப்பட்ட தேய்மானம் ஆகும். காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரி விதிகள் இடமளித்தன. பிற தொழில்களில் பேரளவு இலாபம் ஈட்டிய நிறுவனத்திற்குக் காற்றாலை ஒரு வரிக்காப்பு. நிதியாண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பதால், செப்டம்பர் இறுதிக்குள்ளோ, தவறினால் மார்ச் இறுதிக்குள்ளோ எந்திரத்தை இயக்கிக் காட்டும் விரைவு ஏற்பட்டது. தென்தமிழகத்தில் காற்று வலுப்பெறுவது மே முதல் செப்டம்பர் வரையிலாகும். ஆடிக் காற்று ஓய்ந்தபின் செப்டம்பர் கடைசி வாரத்தில் இயங்கத் தொடங்கிய எந்திரம் அவ்வாண்டில் மின்சாரம் தந்தது சொற்பம்; வரிச்சலுகை மட்டும் முழுமையாகக் கிடைத்தது. சலுகை நிறுவுதலுக்கு உரியதாக இருந்ததே தவிர, உற்பத்தியோடு பிணைக்கப்படவில்லை.

இதற்கு வலுவான சான்று 1996இல் கிடைக்கிறது. குறைந்தபட்ச மாற்று வரி அறிமுகமானதும் புதிய காற்றாலைகள் நிறுவப்படுவது சட்டெனச் சரிந்தது. காற்றின் வேகம் மாறவில்லை, மாறியது வரிவிதியே. பின்னர் 80 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்த தேய்மானச் சலுகை 2012இல் விலக்கப்பட்டபோதும் அதே சரிவு திரும்பியது. உற்பத்தியான ஒவ்வோர் அலகுக்கும் 50 காசு வழங்கும் ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது. முதற்பண்ணைகள் தோன்றி இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் வந்த இத்திருத்தத்தைக் காலந்தாழ்ந்தது என்றே கூற வேண்டும்.

மின் வங்கி முறை

எனினும் வரிச்சலுகையை மட்டும் கொண்டு தமிழகத்தின் தனித்தன்மையை விளக்க இயலாது. அச்சலுகை நாடு முழுமைக்கும் பொதுவானது. கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள் காற்றாலை உரிமையாளர்களாக மாறியதற்கு மின் வங்கி முறை முக்கியக் காரணம். முப்பந்தலில் உற்பத்தியான மின்சாரத்தை வாரியத்தின் கம்பிகள் வழியே பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலையில் பயன்படுத்தவும், காற்றுக்காலத்து மிகுதியை வாரியத்திடம் வரவு வைத்து அதே நிதியாண்டின் பிற மாதங்களில் எடுத்துக்கொள்ளவும் இம்முறை வழிசெய்தது. 2008க்குப் பிந்தைய கடும் மின்வெட்டுக் காலத்தில் இந்த வரவின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இங்குச் சேமிப்பு என்பது கணக்கேட்டில் மட்டுமே நிகழ்கிறது. மின்சாரம் எங்கும் தேக்கி வைக்கப்படுவதில்லை. காற்று மிகுந்த மாதங்களில் வாரியம் பெறும் அலகுக்கும், பற்றாக்குறை மாதங்களில் விலை கொடுத்து வாங்கியேனும் திருப்பித் தரும் அலகுக்கும் எண்ணிக்கையில் வேறுபாடில்லை; மதிப்பில் உண்டு. அவ்வேறுபாட்டைக் கட்டணம் ஈடுசெய்யாத அளவுக்கு வாரியமும், அதன் வழியே பிற நுகர்வோரும் சுமக்க நேர்ந்தது. மறுபுறம், காற்றுமிகுந்த நாட்களில் கம்பித்தொடரின் கொள்ளளவு போதாமையால் எந்திரங்களை நிறுத்திவைக்க நேர்ந்த இழப்பு உரிமையாளர்களைச் சார்ந்தது. ஆகவே ஒரு தரப்பை மட்டும் பயனாளியாகக் காட்டும் விளக்கம் பொருந்தாது.

பழைய எந்திரங்கள்

2017இல் நடைபெற்ற நாட்டின் முதல் காற்றாலை ஏலத்தில் அலகு விலை 3.46 ரூபாயாக இறங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேய்மானச் சலுகையின் உச்சவரம்பு 40 விழுக்காடாயிற்று. இதன்பின் கொள்கையின் கவனம் பழைய தளங்களின் புதுப்பிப்பை நோக்கித் திரும்பியது. 1 மெகாவாட்டும் அதற்குக் குறைவுமான எந்திரங்களை மாற்றுவதற்கான நடுவண் அரசின் கொள்கை 2016இலேயே வெளிவந்திருந்தது. தமிழக அரசு 2024இல் தனிக்கொள்கை வெளியிட்டது. ஆயினும் 225, 250 கிலோவாட் எந்திரங்கள் எளிதில் இடம்பெயர்வதில்லை. பெரிய சுழலிக்கு மிகுந்த இடைவெளி வேண்டும். அடுத்தடுத்த எந்திரங்களோ வெவ்வேறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. கடன் தீர்ந்து, தேய்மானமும் முழுமையாகக் கழிக்கப்பட்ட எந்திரம் நூற்பாலைக்குப் பராமரிப்புச் செலவில் மட்டுமே மின்சாரம் தருகிறது. அதனை அகற்றினால் பழைய வங்கி உரிமை புதிய எந்திரத்திற்கும் தொடருமா என்பதே உரிமையாளர் முதலில் எழுப்பும் கேள்வி.