கிராணியின் நாற்காலி

என் பாட்டிக்குத் தெரிந்து தோட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். துரையும் கிராணியும். இருட்டோடு நடக்கும் பெரட்டில் பாட்டி நிற்பார், கிராணி உட்கார்ந்தபடி பெயர் கூப்பிடுவார். பால் நிறுக்கும்போதும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, சின்ன வயதில் என்னிடம் அவர் ஓயாமல் சொன்னது ஒன்றே: "படிச்சு கிராணி மாதிரி உக்காந்து வேல பாருய்யா."

உட்கார்ந்துவிட்டேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம், ஷா ஆலாமில் வேலை. திரைக்கு முன்னால் ஒன்பது மணி நேரம், காரில் இரண்டு மணி நேரம். போன வருடம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், சர்க்கரை வியாதிக்கு ஒரு படி முன்னால் நிற்கிறாய் என்றார். எனக்கு இருபத்தெட்டு வயது.

பாட்டி ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு ரப்பர் மரம் வெட்டியவர். நிரை நிரையாக நடை, மரத்துக்கு மரம் குனிவு, கடைசியில் தோளில் காண்டா வாளி. அதே கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பல பத்தாண்டுகள் கழித்து ரப்பர் சாய்ந்து செம்பனை பரவியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின. நம் ஆட்கள் லோரி இருக்கைக்கும் பாதுகாவலர் கூண்டுக்கும் தொழிற்சாலை ஸ்டூலுக்கும் போனார்கள். தட்டில் சோறும் கிளாசில் கெட்டிப்பால் தேநீரும் மட்டும் அதே அளவில் நின்றன.

பாட்டி சிறுமியாக இருந்த காலத்தில் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டை மாடி பஸ்ஸில் டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் படியேறி இறங்குவார். 1953இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. அஞ்சல் துறையிலும் இதே கதை. தபால்காரர்களைவிட உட்கார்ந்தே வேலை செய்த குமாஸ்தாக்களுக்குத்தான் ஆபத்து அதிகம். குமாஸ்தா என்றால் நம் ஊர்க் கிராணி!

"பாத்தியா, அந்தக் காலத்துல எல்லாரும் ஆரோக்கியமா இருந்தாங்க" என்று யாராவது இதை வைத்துக் கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியாவோடு போராடவே வருடக்கணக்கில் செலவிட வேண்டியிருந்தது. தோட்டங்களில் காய்ச்சலுக்குச் செத்தவர்களும் நடந்தவர்கள்தான். பாட்டியின் முட்டி தேய்ந்ததும் அந்த நடையில்தான். கூலிக்காக நடந்த ஒரு தலைமுறை, பிள்ளைகளாவது உட்காரட்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

ஆனால் விலை நம் கண்முன்னால் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 சதவீதம். உணவு, பரம்பரை, வறுமை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. என்றாலும், வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சும்மா கிடக்கும் கால் அவ்வளவு இழுக்காது.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் என்னைப் போலவே ஒரு படி முன்னால் நின்ற 531 பேரைப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். நடையும் உணவு மாற்றமும் சொல்லித்தரப்பட்டவர்களில் 39.3 சதவீதம். முழுப் பாதுகாப்பு இல்லைதான், ஆனால் எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

வார நாளில் அலுவலகம் முடிந்து முப்பது நிமிடம். வார இறுதியில் செகிஞ்சான் வயல் வாய்க்கால் ஓரம். முதல் வாரம் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை.

"சும்மா எதுக்குடா நடக்குற? யாரு சம்பளம் குடுக்குறா?"

ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இப்போதெல்லாம் நான் வேர்த்து வந்து நின்றால் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"இன்னைக்கு எத்தன நெரை முடிச்ச?"