'பர்சோ' என்னும் நாள்: ஐதராபாத்துப் பேச்சுவழக்கில் உணர்காலமும் அளவைக்காலமும்

ஐதராபாத்தில் வழங்கும் தக்கினி உருதுவில் 'பர்சோ' என்றொரு காலச்சொல் உண்டு. பொது உருதுவிலும் இந்தியிலும் இச்சொல் நேற்றைக்கு முந்தைய நாளையோ நாளைக்கு அடுத்த நாளையோ குறிக்கும். இரண்டில் எது என்பதை வினையின் காலமே உணர்த்தும். ஐதராபாத்தார் வழக்கிலோ, இறந்தகாலப் பொருளில் இதன் எல்லை விரிந்துவிடுகிறது. சென்ற வாரம் நடந்த திருமணமும் 'பர்சோ' நடந்ததே. பல்லாண்டுகளுக்கு முன் கட்டிய வீடும் 'பர்சோ' கட்டியதே. பிற ஊரார் இதனை அந்நகரத்தாரின் ஆற அமர வாழும் இயல்புக்குச் சான்றாகக் காட்டி நகையாடுவது வழக்கம். நகைப்புக்கு அவ்விளக்கம் போதும், மொழியாய்வுக்குப் போதாது.

காலத்தை அளக்க அறியாத ஊரன்று ஐதராபாத். முகம்மது குலி குதுப் ஷா அந்நகரை நிறுவிய 1591ஆம் ஆண்டு, இசுலாமிய ஆண்டுக்கணக்கில் ஆயிரமாவது ஆண்டு தொடங்கிய காலத்தோடு ஒட்டி அமைந்தது. சார்மினாரும் அந்த ஆயிரமாவது ஆண்டின் கட்டடமே. 1874இல் வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது. அதனோடு வண்டி நேரமும் வந்தது. 1889இல் சார்மினாரின் நான்கு முகங்களிலும் கடிகாரங்கள் பொருத்தப்பட்டன. நிசாம் அரசின் அலுவலகங்களில் ஆதர், தய், பஹ்மன் எனப் பாரசீக மாதப் பெயர்களுடன் பசலி ஆண்டு வழங்கியது. 1948இல் அரசு மாறிய பின்னரே அது ஒழிந்தது. பசலி என்ற சொல் தமிழருக்கும் புதிதன்று. தமிழக வருவாய்த்துறைக் கணக்குகளில் அது இன்றும் வழங்குகிறது. ஆனால் இங்கே அது சூலை முதல் நாளில் பிறக்கும். ஐதராபாத்திலோ அக்டோபர்த் தொடக்கத்தில் பிறந்தது. இசுலாமியத் திங்கள் கணக்கு, பசலி, ஆங்கில நாட்காட்டி, தெலுங்கரின் பஞ்சாங்கம் என நான்கு கணக்குகள் ஒரே தெருவில் புழங்கிய நகரம் அது. அத்தகைய ஊரில் 'பர்சோ' நெகிழ்ந்ததற்குக் கணக்கின்மை காரணமாகாது. எண்ணால் அளக்கும் காலத்தின் பக்கத்திலேயே நினைவால் அளக்கும் காலம் ஒன்றும் வாழ்ந்தது என்று கொள்வதே பொருத்தமாகும்.

நினைவு காலத்தை எவ்வாறு அளக்கிறது என்பதற்கு அந்நகரின் வரலாறே ஒரு கொடிய சான்றைத் தருகிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகரை அழித்தது. மாண்டோர் தொகை ஏறத்தாழப் பதினையாயிரம் எனக் கூறுவர். அப்சல்கஞ்சில் இன்று உசுமானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேரளவில் உயிர் பிழைத்ததாக நகர மரபு சொல்லும். அவ்வெள்ளத்தில் தாயையும் மனைவியையும் மகளையும் ஒருசேர இழந்தவர் உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி (மறைவு 1961). அந்நாளைப் பற்றி அவர் எழுதிய கவிதைக்கு 'கயாமத்தே சுக்ரா', அதாவது 'சிற்றூழி' என்று பெயர். ஒரு நாளின் துயரை ஊழி என்னும் பேரளவையால் சுட்ட நேர்ந்தது இங்கு நோக்கத்தக்கது. நகர மக்கள் அவ்வெள்ளத்தைத் 'துக்யானி' என்ற ஒற்றைச் சொல்லால் நினைவுகூர்வர். தமிழகத்தில் 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் 'தாது வருசப் பஞ்சம்' என்றே நின்றுவிட்டதும் இவ்வகையினதே. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது மீண்டும் வந்தபோதும் அப்பெயர் அந்தப் பஞ்சத்தை விட்டு நீங்கவில்லை.

உளவியலார் இதனை வேறு வழியில் வந்தடைந்தனர். வில்லியம் சேம்சு 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் காலவுணர்வுக்கென ஓர் இயலே அமைத்தார். பலவகை அனுபவங்களால் நிறைந்த காலம் கழியும்போது குறுகியும், பின்னர் நினைக்கும்போது நீண்டும் தோன்றும். வெறுமையான காலம் இதற்கு மறுதலையாகும் என்பது அவர் கருத்து. 1990களில் சகாய், பிளாக் ஆகிய இருவரும் கவனத்தை ஒரு வாயிலாக உருவகித்தனர். காலத்தின்மீதே கவனம் செல்லச் செல்ல வாயில் அகலத் திறந்து, கழிந்த பொழுது மிகுதியாக எண்ணப்படும் என்பது அவர்தம் கொள்கை. அச்சத்தைப் பற்றிய ஆய்வு இன்னும் சுவையானது. டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனையில், 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைமேல் விழுந்தவர்கள், பிறர் விழுந்த நேரத்தைவிடத் தாம் விழுந்த நேரம் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நீண்டதாக மதிப்பிட்டனர். எனினும் விழும்போது அவர்தம் கண்கள் வழக்கத்தினும் விரைவாக எதையும் காணவில்லை. நீண்டது பார்வையன்று, நினைவே.

ஆனால் 'பர்சோ'வுக்கு இவற்றினும் நெருங்கிய விளக்கம் வேறிடத்தில் கிடைக்கிறது. வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவு குறித்து அமெரிக்காவில் நடந்த கணக்கெடுப்பொன்றை ஆராய்ந்த நெட்டர், வாக்சுபர்க் இருவரும், மக்கள் பழைய செலவுகளை அண்மையில் செய்தனவாகவே கூறும் போக்கை 1964இல் எடுத்துக்காட்டினர். தொலைநோக்கியில் தொலைப்பொருள் அருகில் தெரிவதுபோல, நடந்த நிகழ்ச்சி நினைவில் கிட்ட வந்துவிடுகிறது. தெளிவாக நினைவிருப்பது அண்மையில் நடந்திருக்க வேண்டும் என்று மனம் கொள்வதே இதற்குக் காரணம் எனப் பின்வந்தோர் விளக்கினர். கணக்கெடுப்பாளர்க்குப் பிழையாகப் பட்ட அதனை, ஐதராபாத்து வழக்கு ஒரு சொல்லின் பொருளாகவே ஆக்கிக்கொண்டது எனலாம். 'பர்சோ' நாளின் தொலைவைச் சொல்வதில்லை. நினைவின் அண்மையைச் சொல்கிறது.

இதில் அண்டை மொழியின் பங்கு இருத்தல் கூடும். தக்கினி நெடுங்காலம் திராவிட மொழிகளோடு உறவாடி, தொடரமைப்பிலும் அவற்றின் சாயலைப் பெற்றது. தெலுங்கில் 'மொன்ன' என்பது முந்தாநாள். அதுவே 'மொன்னாமத்ய' என வரும்போது 'அண்மையில் ஒரு நாள்' என்று பொருள்படும். ஆங்கிலத்தின் 'தி அதர் டே' என்பதிலும் நாட்கணக்கு ஏதுமில்லை. தமிழில் 'அன்றைக்குச் சொன்னேனே' என்னும்போது அந்த 'அன்று' பத்து நாளாகவும் இருக்கலாம், பத்தாண்டாகவும் இருக்கலாம். பேசுவோர் இருவர்க்கும் பொதுவான நினைவே அதன் அளவுகோல். ஆகவே சோம்பலைக் காரணமாக்கினால், அக்குற்றம் பாதி உலகத்தைச் சாரும்.

உணர்வு காலத்தைப் பிறழச் செய்யும் என்பதைத் தமிழ் இலக்கணிகள் வழுவென்று தள்ளாது அமைதியாகக் கொண்டனர். விரைவுப் பொருளில், நிகழ்காலத்தும் எதிர்காலத்தும் வரவேண்டிய வினை இறந்தகாலத்தால் சொல்லப்படும் எனத் தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. உணவு தாழ்த்தபோது, இன்னும் உண்ணாதிருப்பவன், போக விரைபவன் வினவியதற்கு 'உண்டேன், போந்தேன்' என்று விடையிறுப்பதை உரையாசிரியர்கள் காட்டுவர். நன்னூலார் விரைவோடு மிகுதியையும் தெளிவையும் காரணமாக எண்ணினார். எறும்பு முட்டை கொண்டு மேட்டில் ஏறக் கண்டு 'மழை பெய்தது' என்பது தெளிவுக்குக் காட்டப்படும். ஐதராபாத்துக் கடைக்காரர் உள்ளிருந்தபடியே 'அபீ ஆயா' என்பதும், தெலுங்கர் 'இதிகோ வச்சேசானு' என்பதும், தமிழர் 'இதோ வந்துவிட்டேன்' என்பதும் ஒரே விதியின் மூன்று உருவங்கள். மூவரும் இன்னும் புறப்படவில்லை.

கவனம் காலத்தை நீட்டுவதை வள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தில் நுட்பமாக வைத்துள்ளார். தலைவன் பிரிந்த நாள்களைச் சுவரிலிட்ட கோடுகளைத் தொட்டெண்ணி விரல் தேய்ந்தவள் அங்கு பேசுகிறாள். சேண் சென்றார் வரும் நாளை எண்ணி ஏங்குவார்க்கு ஒரு நாள் ஏழு நாள்போல் நடக்கும் என்ற கருத்தும் அவ்வதிகாரத்தில்தான் வருகிறது. நாளை எண்ணுகிறவளுக்கே நாள் நீள்கிறது. குறுந்தொகை 234இல் மிளைப்பெருங் கந்தன் இன்னும் ஒரு படி மேற்செல்கிறார். கதிர் மறைவதைக் கொண்டு மாலை என்போர் மயங்கினோர். துணையில்லார்க்கு விடியலும் மாலை, பகலும் மாலை என்பது தலைவி கூற்று. ஞாயிற்றைக் கொண்டு காலத்தை வரையறுப்பவரே இங்கு மயங்கியவர் ஆகிவிடுகிறார்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது வெறும் இலக்கியச் சுவையன்று. ஐதராபாத்து முதியவர் ஒருவர் வாய்மொழியாகத் தரும் வரலாற்றில் வரும் 'பர்சோ'வை 'முந்தாநாள்' என்று பெயர்த்தால் அவர் பொய்யராகிறார். 'பல்லாண்டுகளுக்கு முன்' எனத் திருத்தினால், அவருக்கு இன்னும் ஆறாத ஒன்று ஆறிப்போனதாகத் தோன்றும். கதையில் 'அன்றைக்கு' என்பது பெரும்பாலும் பொருந்தும். 'இப்போதுதான் நடந்ததுபோல' என்று விரிக்கவேண்டிய இடங்களும் உண்டு. வழக்குமன்றச் சான்றுரையில் நிலைமை வேறு. அங்கு நாள் வேண்டும். ஆனால் அந்நாளை அச்சொல்லிலிருந்து பெற இயலாது. எந்தப் பண்டிகைக்கு முன், யார் பிறந்த பின், வெள்ளத்திற்கு முன்னா பின்னா என்று வினவியே பெறவேண்டும். அவ்வாறு பெற்ற நாளை ஓரக்குறிப்பாகத் தந்து, சான்றுரையினுள் 'பர்சோ'வை அப்படியே நிற்கவிடுவது, சொன்னவருக்கும் நாளுக்கும் ஒருங்கே நேர்மை செய்யும் முறையாகும். பெயர்ப்பில் அச்சொல்லைக் கண்டு நீதிபதி விளக்கம் கேட்பாராயின், கேட்கவேண்டிய இடத்தில் கேட்டதாகவே கொள்ளலாம்.