வீட்டுச் சாவி யார் கையில?

நடுராத்திரி. வீட்டுல இருக்கிற விளக்கெல்லாம் தானா எரியுது, பாட்டு காதைக் கிழிக்குது. நிறுத்தலாம்னு சுவத்துல ஸ்விட்ச்சைத் தேடினா, ஸ்விட்ச்சே கிடையாது! ஒரு கண்ணாடித் தகடு மட்டும் இருக்கு. அதுல எதைத் தொடணும்னு புதுசா வந்த ஆயாவுக்குத் தெரியல. குழந்தைங்க வேற முழிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சாச்சு.

ரூத் வேர் எழுதி 2019-ல் வந்த 'தி டர்ன் ஆஃப் த கீ' நாவல்ல வர்ற காட்சி இது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில ஒரு பழைய விக்டோரியா காலத்து மாளிகை. கணவன், மனைவி ரெண்டு பேருமே ஆர்க்கிடெக்ட். பாதி வீட்டைப் பழசாவே விட்டுட்டு, மீதியை முழுக்க செல்போன் செயலிக்குக் கீழே கொண்டு வந்துட்டாங்க. செயலியோட பேரு 'ஹேப்பி'. ஆயா வேலைக்கு வந்த ரோவன் கையில பிள்ளைங்களை ஒப்படைச்சுட்டு மறுநாளே ரெண்டு பேரும் வெளியூர் கிளம்பிடறாங்க. ஆனா குரல் மட்டும் அப்பப்ப ஸ்பீக்கர் வழியா வந்து விழும். கடைசியில ஒரு குழந்தை செத்துப்போகுது, ரோவன் ஜெயில்ல உட்கார்ந்து வக்கீலுக்குக் கடிதம் எழுதறா. (முதல் பக்கத்திலேயே சொல்லிடறாங்க, அதனால நான் கதையைப் போட்டு உடைச்சதா திட்டாதீங்க.)

"இந்தக் காலத்துக் கதை"ன்னு இதைப் பலரும் சொல்றாங்க. எனக்கென்னவோ அப்படித் தோணல. வேர் தலைப்பையும் அடித்தளத்தையும் எடுத்தது ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'விலிருந்து. அது 1898! அதுல பேய், இதுல செயலி. ரெண்டுலயும் தனியா மாட்டிக்கிட்ட சம்பளக்காரப் பொண்ணு, நாம நம்பலாமா கூடாதான்னு தெரியாத கதைசொல்லி.

எந்திர வீட்டுக் கதைன்னு பார்த்தா, ரே பிராட்பரி 1950 செப்டம்பர்ல 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்'ல எழுதின சிறுகதையைத்தான் முதல்ல சொல்லணும். இப்ப 'தி வெல்ட்'ங்கிற பேர்ல கிடைக்குது. சமைச்சு, குளிப்பாட்டி, தாலாட்டித் தூங்க வைக்கிற முப்பதாயிரம் டாலர் வீடு. அது பேரு என்ன தெரியுமா? 'ஹேப்பிலைஃப் ஹோம்'. வேர் தெரிஞ்சு வெச்சாரோ தெரியாம வெச்சாரோ, அந்த 'ஹேப்பி' 69 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருக்கு :-)

அந்த வீட்டுல குழந்தைங்க அறையோட சுவர்கள் அவங்க நினைக்கிறதைக் காட்சியாக் காட்டும். பிள்ளைங்க நினைக்கிறது ஆப்பிரிக்கச் சிங்கங்களை. அப்பா அறையைப் பூட்டப் பார்க்கிறார்... அப்புறம் நடக்கிறதை நீங்களே படிச்சுக்குங்க. அந்த வருஷம் அமெரிக்க வீடுகள்ல டிவி இருந்தது சுமார் 9 சதவீதத்துல. 1960-ல் 87 சதவீதம். பிராட்பரி பயந்தது எந்திரத்துக்கு இல்லைன்னு நினைக்கிறேன். பெத்தவங்க தங்க வேலையை எந்திரத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நிம்மதியா இருந்ததுக்குத்தான்.

1966-ல் பிட்ஸ்பர்க்ல ஜிம் சதர்லேண்டுங்கிற பொறியாளர் நிஜமாவே வீட்டுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் கட்டினார். எடை கிட்டத்தட்ட 360 கிலோ. பேரு 'எக்கோ 4'. (2014-ல் வந்த அமேசான் ஸ்பீக்கருக்கும் எக்கோதான்!) அந்த நாள்ல கம்ப்யூட்டர்னாலே ராட்சசன்தான். அதனாலதான் 1973-ல் டீன் கூன்ட்ஸ் 'டீமன் சீட்'ல வில்லனா கம்ப்யூட்டரையே வெச்சார். புரோட்டியஸ்ங்கிற அது, தனியா இருக்கிற சூசனோட தானியங்கி வீட்டைக் கைப்பற்றி அவளை அடைச்சு வைக்குது. 1977-ல் ஜூலி கிறிஸ்டி நடிச்சுப் படமா வந்தது. 1997-ல் கூன்ட்ஸே நாவலைத் திருத்தி, முழுக்கக் கம்ப்யூட்டர் பேசற மாதிரி மாத்தி எழுதினார். படிக்கவே கூசுது, அதுதான் அதோட பலம்.

வேர் நாவல்ல 'ஹேப்பி'க்கு ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. அதுக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும். அப்ப சொன்னது யாரு? செயலியில அனுமதி யார் யாருக்கு இருக்கு? பயமெல்லாம் அந்தக் கேள்வியிலதான்.

இது கற்பனை இல்லைங்க. நாவல் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2018 ஜூன்ல, 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு கட்டுரை போட்டது. ஒரு பொண்ணு ஏசியைப் போட்டா அது தானா அணையுது. இன்னொருத்தி வீட்டு வாசல் பூட்டோட எண் தினமும் மாறுது. மூணாவது பொண்ணுக்கு அழைப்பு மணி கேட்டுக்கிட்டே இருக்கு, போய்ப் பார்த்தா ஆள் இல்லை. அந்தக் கட்டுரை சொன்னது இதுதான்: துன்புறுத்துற கணவனும் காதலனும் பிரிஞ்சு போனப்புறமும், செயலி மட்டும் அவங்க போன்லயே இருக்கு. பெரும்பாலும் அந்தக் கருவிகளை மாட்டினதும் அவங்கதான். போலீஸ்ல போய் "கதவு எண் மாறுது சார்"னு சொன்னா என்ன நினைப்பாங்க? பைத்தியம்னுதான். ஹென்றி ஜேம்ஸோட கதைசொல்லி நின்ன அதே இடம்.

நாவல் வந்து சில மாசத்துல, 2019 டிசம்பர்ல, மிசிசிப்பியில எட்டு வயசுக் குழந்தையோட படுக்கையறைக் கேமராவுக்குள்ள யாரோ புகுந்து, தன்னை சாண்டா கிளாஸ்னு சொல்லிக்கிட்டுப் பேசினான். கேமரா மாட்டி நாலே நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைங்க பத்திரமா இருக்கணும்னு அம்மா வாங்கி வெச்சது அது.

இதுல எதை முதல்ல படிக்கலாம்னு கேட்டா, பிராட்பரியைத்தான் சொல்வேன். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். வேர் நாவல் நடுவுல ஒரு அம்பது பக்கம் இழுக்குது, தாங்கிக்கிட்டுப் போங்க. கடைசியில அந்தக் கடிதங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியற இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.