அளவுச் சங்கிலியும் மலைநிலமும்: கண்டிப் பிரதேச நில அளவை பற்றிய ஒரு குறிப்பு

அளத்தலைச் சமூக உறவுகளுக்குப் புறம்பான தொழினுட்பச் செயலாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. படத்தின் மேல் உருட்டினால் தூரத்தை இலக்கமாகக் காட்டும் கையடக்கக் கருவிகள் வந்தபின் இவ்வழக்கம் மேலும் வலுப்பெற்றுள்ளது. கண்டிப் பிரதேசத்தின் நில வரலாற்றை நோக்குவார் இதனை ஏற்பது அரிது.

1815க்கு முந்திய கண்டி இராச்சியத்தில் வயல் விதைப்பாட்டால் அளக்கப்பட்டது. ஓர் அமுணம் நெல் விதைக்கத்தக்க நிலம் ஓர் அமுணம் எனப்பட்டது. மண்ணுக்கேற்ப அதன் பரப்பு மாறுபடும். தூரமோ, 'ஹூ' என்று உரத்துக் கூவும் குரல் எட்டும் எல்லையாற் கணிக்கப்பட்டது. இவ்வளவைகள் துல்லியமற்றவை, ஆயின் உழைப்போனின் கையும் குரலும் அவற்றில் இருந்தன. (இதனாற் கண்டிய நிலமானிய அமைப்பைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு. இராசகாரியச் சேவையும் அந்நிலத்தோடு பிணைந்ததே.)

பிரித்தானியரின் நில அளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. கோப்பிப் பெருந்தோட்டம் பரவியபோது அதன் சங்கிலி மலைநாட்டை ஊடறுத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என அனுமானித்தது. ஆண்டுகள் விட்டுவிட்டுச் சேனைப் பயிர் செய்த கிராமவாசி எழுத்துறுதிக்கு எங்கே போவான்? 66 அடிச் சங்கிலியும், 10 சதுரச் சங்கிலி கொண்ட ஏக்கரும் நிலத்தை விற்பனைப் பண்டமாக்க உதவின. பேராதனையில் 1833இல் முதிரைமரப் பாலம் அமைத்த ஜோன் பிரேசரின் பெயராலேயே 1862இல் இலங்கைத் தேசப்படமும் வெளிவந்தது. வீதியும் படமும் ஒரே கையில் உருவாயின என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இங்கு நோக்கற்பாலது, படம் கிடைத்தளத்தையே காட்டுகிறது என்பதாகும். 30 பாகைச் சாய்வில், படத்தில் 100 மீற்றராகவுள்ள தூரத்தை ஏறுபவர் 115 மீற்றர் நடக்கிறார். படத்தில் ஓர் ஏக்கராகவுள்ள தேயிலை மலையிற் களை பிடுங்குபவர் ஏறத்தாழ 1.15 ஏக்கரைத் துப்புரவாக்குகிறார். உறுதியிற் பதிவாவது ஓர் ஏக்கரே. இது எவரது மோசடியுமன்று, உலகெங்குமுள்ள அளவை மரபு. ஆயினும் அதன் சுமை உடலால் உழைப்போர் மேலேயே விழுகிறது.

இலக்கமுறைக் கருவி இம்மரபின் வாரிசு. அதன் நுனிச் சக்கரம் படத்தின் கோட்டில் உருள, சுழற்சி மின்துடிப்புகளாக எண்ணப்பட்டு, அளவுத்திட்டத்தாற் பெருக்கப்பட்டுத் திரையில் தூரம் தோன்றும். அளவுத்திட்டத்தை மனிதரே இடவேண்டும். ஓரங்குலம் ஒரு மைல் என்னும் பழைய 1:63,360 படத்தில் 1:50,000 என இட்டு அளந்தால் 10 கிலோமீற்றர் 7.9 ஆகிவிடும். கருவி தவற்றை உணர்த்தாது. தசமப் புள்ளியோடு வரும் விடை நமது ஐயத்தையும் அடக்கிவிடுகிறது. சாய்வை அது அறியாது.

2015ஐ அடுத்த வீடமைப்புத் திட்டங்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என வகுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். 1:50,000 படத்தில் 0.07 சதுர மில்லிமீற்றர், சக்கரத்துக்கு அகப்படாத புள்ளி. அதனை அளக்க ஓரங்குலத்துக்கு ஒரு சங்கிலி என்ற அளவிலான படம் வேண்டும். அதற்கு முன், லயத்தை விட்டு வந்த அக்குடும்பத்தின் பெயரில் எல்லை குறித்து உறுதி எழுதப்பட்டிருக்கவும் வேண்டும்.