ராத்திரி 2 மணி காபி

யூஜின் ஸ்மித் எடுத்த அந்தப் படத்தை உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. ஆஸ்பத்திரி சமையலறை. ஆபரேஷன் உடுப்பைக்கூட மாத்தாம ஒரு டாக்டர் மேடையில் சாய்ஞ்சு நிக்கிறார். கையில் காபி, சிகரெட். பார்வை எங்கேயோ இருக்கு. நேரம் ராத்திரி 2 மணி. சிசேரியன் செஞ்சும் தாயையும் பிள்ளையையும் காப்பாத்த முடியலை.

அவர் பேரு எர்னஸ்ட் செரியானி, வயசு 32. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் மலைப்பகுதியில் கிரெம்லிங்னு ஒரு சின்ன ஊர். சுமார் 400 சதுர மைல் சுற்றளவில் 2000 ஜனங்களுக்கு இவர் ஒருத்தர்தான் டாக்டர். காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் எல்லாத்துக்கும் இவரைத்தான் கூப்பிடணும். ஸ்மித் 23 நாள் கூடவே சுத்தி எடுத்த படங்களை 'லைஃப்' பத்திரிகை 1948 செப்டம்பரில் வெளியிட்டது. ரெஸ்ட் எடுக்கச் சொல்லி நர்சுகள் நச்சரிப்பாங்களாம். அவரால முடியாதுன்னும் தெரியுமே, அதனால எந்நேரமும் அடுப்பில் காபியும் தயாரா வச்சிருப்பாங்களாம்!

நம்ம மென்பொருள் தொழிலில் ராத்திரி சப்போர்ட்டுக்கே முறை வச்சு ஆள் மாத்துறோம். செரியானிக்கு மாத்து ஆளே கிடையாது.

அவர் நிலைமைக்கு அப்போ ஒரு பேரும் இல்லை. நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் 'பர்ன்அவுட்' என்ற சொல் பரவலாச்சு. பகலெல்லாம் தன் வேலை, ராத்திரி இலவச கிளினிக்னு உழைச்சு, தானே எரிஞ்சு தீர்ந்து பார்த்த மனுஷன் அவர்.

1969-ல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் தனித் துறையாச்சு. பிரசவமும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி. ஆனா 1970களிலும் 80களிலும் வழக்குகள் பெருகி, பிரசவம் பார்க்கிற டாக்டர்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் எகிறிப் போச்சு. நிறைய பேர் பிரசவத்தை மட்டும் கைவிட்டாங்க. 2000-ல் குடும்ப மருத்துவர்களில் 23.3 சதவீதம் பேர் பிரசவம் பார்த்தாங்க. 2010-ல் அது 9.7 சதவீதம்.

தூக்கம் கெடும், கோர்ட்டு பயம் வேற, அதை விட்டவங்களாவது நிம்மதியா இருப்பாங்கன்னுதானே தோணும்? 2018-ல் வந்த ஒரு ஆய்வு வேற மாதிரி சொல்லுது. புதுசா தொழிலுக்கு வந்த குடும்ப மருத்துவர்களில், பிரசவம் பார்க்கிறவங்ககிட்டதான் பர்ன்அவுட் கம்மி! பிடிச்சவங்கதான் அதைத் தொடர்ந்து செய்யுறாங்கன்னும் இருக்கலாம், இதை வச்சு காரணத்தை முடிவு பண்ண முடியாது. ஆனாலும் பிரசவமே டாக்டரைத் தின்னுடுதுன்னு சொல்றது அவ்வளவு சரியில்லைன்னு புரியுது.

செரியானி கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். அந்த ராத்திரி ஒரு உசிரையும் காப்பாத்த முடியாத அவருக்கு, மறுநாள் காலையில் "நீங்க தூங்குங்க, நான் பார்த்துக்கறேன்"னு சொல்ல இன்னொரு டாக்டர் இல்லை. பிரசவத்தை விட்டுடுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்றது சுலபம். ஆனா கிராமத்தில் கடைசி டாக்டரும் விட்டுட்டா, வலி வந்த பொண்ணு மலை தாண்டித்தான் போகணும். அந்த ஊருக்கு ரெண்டாவதா ஒரு டாக்டரை அனுப்புறதுக்குத்தான் முதல்ல காசு ஒதுக்கணும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?