விடிய விடிய வாசித்ததும் நாடாவில் மிஞ்சியதும்

கோயில் வீதியில் விடிய விடிய வாசித்த நாயனக் கச்சேரி இன்று யாரோ ஒருவருடைய கைப்பேசியில் நாற்பது நிமிடமாகக் கிடக்கிறது. அங்கு வந்து சேர்வதற்குள் அது பல கை மாறியிருக்கிறது, கைமாறிய ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. தேய்ந்தது எது என்பதில் ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. இரைச்சல் தாங்கவில்லை என்பார் ஒருவர். ஆலாபனை பாதியில் அறுந்துவிட்டதே என்பார் இன்னொருவர். நீடாமங்கலத்துக்காரனான எனக்கு முதலில் வாயில் வருவது வேறு கேள்வி. தவில் எங்கே?

ஊர்ப்பாசம் என்று இதைத் தள்ளிவிடலாம். பாசம் உண்டு, மறுக்கவில்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்தது 1894-ல், மறைந்தது 1949-ல். தவிலைப் பக்கவாத்தியம் என்ற இடத்திலிருந்து எழுப்பி, அதைக் கேட்பதற்காகவே கூட்டம் வரும்படி செய்தவர்களில் அவர் முதல் வரிசை. டேப் ரெக்கார்டர் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்தபோது அவர் இல்லை. சாமி புறப்பாட்டில் மணிக்கணக்கில் அவர் வாசித்தது கேட்டவர்களின் காதிலும் சீடர்களின் கையிலும்தான் தங்கியது.

அவர் காலத்தில் ஒலியைப் பிடித்துவைக்க இருந்தது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்தச் சின்ன இடத்துக்குள் இறங்கிய விதத்தை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. இரவு முழுக்க விரிக்கக்கூடிய ராகத்தை எலும்பும் நரம்புமாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ரக்தி, மல்லாரி, பல்லவி இவையெல்லாம் நாயனமும் தவிலும் ஒன்றையொன்று துரத்தி வளரும் உருப்படிகள். மூன்று நிமிடத்தில் அவற்றுக்கு வாசல்கூடத் திறக்காது. தவிலின் முழக்கம் வேறு தட்டின் கோட்டைச் சிதைத்துவிடும் என்பதால், அதிரும் கருவிகளை ஒலிவாங்கியிலிருந்து தள்ளி வைப்பது அந்தக் காலப் பதிவுக்கூட வழக்கம். தள்ளிவைத்த தவில் தள்ளியே நின்றுவிட்டது.

அடுத்தது வானொலி. சென்னை நிலையம் 1938-ல், திருச்சி 1939-ல். மூன்று நிமிடம் அரை மணியாக நீண்டது. தவிலுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனாலும் அது நாற்காலி போட்டு, கடிகாரம் பார்த்து வாசிக்கும் கச்சேரி. தெற்கு வீதி முனையில் சப்பரம் நின்றுவிட, தீவட்டி வெளிச்சத்தில் இரண்டு ஸ்பெஷல் தவிலும் எதிரெதிரே நின்று மோதிக்கொள்வது ஸ்டூடியோவுக்குள் எப்படி நடக்கும்?

அந்த வீதிக்குப் பதிவுக் கருவி வந்தது ஸ்பூல் டேப்போடுதான். வசதியுள்ள மிராசுதார் வீட்டுக் கல்யாணம், ரசிகரான டாக்டர் அல்லது வக்கீல், ஊர் மைக்செட்காரர் என்று யாராவது ஒருவர் பெட்டியளவு கருவியைத் தூக்கிவந்து பந்தலோரம் வைத்தார். ஏழங்குல ஸ்பூலில் 1200 அடி நாடா. வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓட்டினால் அரை மணி சொச்சம், மூன்றே முக்கால் அங்குலம் ஓட்டினால் ஒரு மணி. நாடா விலை அதிகம், கச்சேரியோ நீளம். அதனால் மெதுவாகத்தான் ஓட்டினார்கள்.

மெதுவாக ஓடும் நாடாவில் கீச்சு ஒலிகள் மழுங்கும். தவில்காரர் வலக்கை விரல்களில் மாட்டும் கூடு, துணியும் மாவுப்பசையும் சேர்த்துக் காயவைத்துக் கல்லாக்கியது. வலந்தலையில் அது விழும்போது பளீரென்று வரும் சொல்தான் தவிலின் உயிர். நாடாவில் முதலில் செத்தது அதுதான். மைக் நாயனத்தின் அடிவாயான அணைசுக்கு நேரே இருந்தது. அதற்குப் பக்கத்தில் தாளக்காரர் நின்றார். விளைவாக, அக்காலப் பதிவுகளில் நாயனம் முதல், ஜால்ரா இரண்டாவது, தவில் எங்கோ அடுத்த தெருவில். இதைப் பற்றிப் பழைய மைக்செட்காரர் ஒருவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "தவிலுக்கு மைக் எதுக்குங்க தம்பி? அது மூணு ஊருக்குக் கேக்குமே" என்றார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது முழு உண்மை. நாடாவுக்குத்தான் பொய்யாகிவிட்டது.

அப்படியும் இந்த ஸ்பூல்களைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். குறைந்தபட்சம் யாரும் எதையும் வெட்டவில்லை. அதிர்வேட்டு, குழந்தை அழுகை, "பேஷ்" என்று கத்தும் குரல், சீவாளியை மாற்றிக்கொண்டு ஊதிப்பார்க்கும் இடைவெளி எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அந்த இடைவெளியில் தவில்காரர் சும்மா இருக்காமல் தட்டிப்பார்க்கும் நாலு சொல்லிலிருந்து, பின்னால் வரப்போகும் தனி ஆவர்த்தனத்தின் நடை என்னவென்று ஊகித்துவிடலாம்.

வெட்டு தொடங்கியது கேசட் காலத்தில். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டேப் ரெக்கார்டர் வராத தெரு குறைவு. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிற மாதிரி, ஒரு ஸ்பூலிலிருந்து கேசட்டுகள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடின. கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது கலங்கல்தான். படிக்குப் படி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறியது. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம், சி-60 என்றால் முப்பது. பக்கம் திரும்பும் இடத்தில் பல்லவி அறுந்தது. கடைக்காரர் இடம் போதாதபோது எதைக் கழிப்பார்? தனியைத்தான். கச்சேரியில் தனி வந்தால் காபிக்கு எழுந்துபோகிற கூட்டம், கேசட்டிலும் அதை ஓட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனது. அட்டையில் "தோடி – டி.என்.ஆர்." என்று பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கும். எந்த ஊர், எந்த வருஷம், யார் தவில், ஒன்றும் இருக்காது.

இந்த விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு கூட்டம் நமக்குப் பாடம். கிரேட்ஃபுல் டெட் என்ற குழு 1965 முதல் 1995 வரை ஊர் ஊராக வாசித்தது. ஒரே பாட்டை ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி விரிப்பார்கள். இரண்டு டிரம்காரர்கள் தனியாக மோதிக்கொள்ளும் பகுதியும் உண்டு. ரசிகர்கள் மைக்கோடு வந்து பதிவு செய்ய, 1984-ல் குழுவே அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கிக்கொடுத்தது. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் நாடா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. டிரம் பகுதியில் எழுந்துபோகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த ரசிகர்கள் தேதி, இடம், எந்த மைக், எத்தனையாவது படி என்று எழுதிவைத்தார்கள். வெட்டு விழுந்திருந்தால் அதையும் குறித்தார்கள். நம்மிடம் இல்லாதது கருவியோ ரசனையோ இல்லை, இந்தக் கணக்குப்பிள்ளைப் புத்தி.

அந்தப் புத்தி இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தவில்காரர் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி சாட்சி. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சீடர் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை. அந்த ராகவப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தவர் இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தி. 1975-ல், நாற்பத்திரண்டு வயதுக்குள் மறைந்துவிட்டார். அவர் வாசித்த நாடாக்களை ஈழத்து ரசிகர்கள் பொத்திப் பாதுகாத்தார்கள். இடம்பெயர்ந்தபோது கூடவே எடுத்தும் சென்றார்கள். அம்ஷன் குமார் 2015-ல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார், அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. அந்தத் தவிலைக் கேட்கும்போது, நாடாவில் சிக்காத எங்கள் ஊர்க்காரரின் கையைக் கொஞ்சம் கேட்கிறேன் என்றே எனக்குத் தோன்றும். காரணம் சொல்லச் சொன்னால், அவர் தாளத்தை முடித்துக்கட்டும் ஒரு தீர்மானத்தைப் போட்டுக்காட்டுவேன், அவ்வளவுதான்.

இப்போது கணினிக் காலம். இரைச்சலை நீக்குகிறேன் என்று கிளம்பியிருக்கிறார்கள். நாடாவின் இரைச்சலும் கூட்டின் பளீரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவை. ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போய்விடும். துடைத்த பதிவில் தவில், தலையணையைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. வேகக் கோளாறை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு கட்டைச் சுருதியில் வாசித்த பாரி நாயனம் இரண்டரையில் கேட்டால், நாடா நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மணிக் கச்சேரியில் மூன்றரை நிமிடம் காணாமல் போயிருக்கும். நாயனம் கொஞ்சம் கூர்மையாகக் கேட்பதால் ரசிகருக்கு அது பிடித்தும்விடும். தவில்காரருக்கோ தான் வாசிக்காத வேகத்துக்குப் புகழ் வரும்.

ஒரே கச்சேரிக்கு நாலு படி கிடைத்தால் நான் வைத்துக்கொள்வது இரைச்சலோடு இருக்கும் நீளமான படியை. தனி வெட்டுப்பட்ட பளபளப்புப் படி எனக்கு வேண்டாம். துடைப்பதை நாளைக்கும் செய்துகொள்ளலாம், இன்றைவிட நல்ல கருவி நாளை வரும். காத்திருக்க முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நாயனம் யாருடையது என்பதை ரசிகர் யாரும் சொல்லிவிடுவார். தவில் யாருடையது என்பதை, முடிப்பாக வரும் ஒரு மோராவைக் கேட்டதும் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இந்தப் பக்கத்து ஊர்களில் சிலர் இருக்கிறார்கள். கைப்பேசியோடு போய் அவர்கள் திண்ணையில் உட்காருங்கள். போட்டுக்காட்டுங்கள். சொல்கிற பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதுங்கள், சந்தேகம் என்றால் சந்தேகம் என்றும் எழுதுங்கள். இதற்குச் செலவு ஒரு டவுன் பஸ் டிக்கெட்.