சத்திரத்து ஓடுபாதை

பாலக்காட்டுக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் வழிவிட்ட இடம் அது. தென்மேற்குக் காற்று தங்குதடையின்றிக் கோவைப் பக்கம் வந்துவிடும். தெற்கே இடுக்கியில் அப்படியில்லை. அங்கே காற்று மலையேறி, முகட்டைத் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கில் சரிந்து இறங்குகிறது. அப்படி இறங்கும் காற்றில் மாட்டிக்கொள்ளும் சிறு விமானத்தையும் அது கீழே இழுக்கும்.

அந்த இடுக்கியில்தான், வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்திலுள்ள சத்திரத்தில், என்.சி.சி. மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க 650 மீட்டர் நீளத்தில் ஓடுபாதை போட்டார்கள். புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்த ஐயப்ப பக்தர்களுக்குத் தெரிந்த ஊர். 2022 ஏப்ரலில் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு இருக்கை விமானம் முதன்முதலாக இறங்க வந்தது. பாதையின் ஒரு முனையில் மண்மேடு நின்றது. விமானம் வட்டமடித்துப் பார்த்துவிட்டு இறங்காமலே திரும்பியது.

ஒரு மேட்டுக்கா இவ்வளவு பயம்? ஆம். இறங்க முடியாமல் மறுபடி மேலேறும் விமானத்தில் வேகமும் குறைவு, உயரமும் குறைவு. எதிரே மேடு தெரிந்ததும் கை தானாக மூக்கைத் தூக்கும். தூக்கத் தூக்க வேகம் இன்னும் குறையும்; ஒரு கட்டத்தில் இறக்கை தாங்காது. உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். தரையை ஒட்டி அதற்கு இடமேது?

ஜூலை மழையில் ஓடுபாதையின் ஓரம் சரிந்தது. டிசம்பர் 1 அன்றுதான் விமானம் தரை தொட்டது. செய்திகளில் அதுவே சாதனை நாள். என் கணக்கில் பெரிய நாள், இறங்காமல் திரும்பிய அந்த ஏப்ரல் நாள்தான்.

பயிற்சிப் பறத்தல் எவ்வளவு விலை கேட்கும் என்பதைக் கேரளம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020 அக்டோபர் 4, ஞாயிறு காலை. கொச்சி ஐ.என்.எஸ். கருடா தளத்திலிருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய கடற்படையின் மோட்டார் கிளைடர், தோப்பும்படி பாலத்தருகே விழுந்தது. அதிலிருந்த இரண்டு கடற்படை வீரர்களும் இறந்தார்கள். சத்திரத்தில் விமானம் இறங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை; 2023 மார்ச் 18 அன்று, மகாராஷ்டிரத்தின் கோண்டியாவை அடுத்த பிர்சி தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம், மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மலைக்காட்டில் நொறுங்கியது. பயிற்றுநரும் பிழைக்கவில்லை, பயிற்சி மாணவியும் பிழைக்கவில்லை.

சத்திரத்தில் பறக்கப்போகும் பிள்ளைகளுக்கு டிசம்பர் வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள். ஏப்ரலில் திரும்பிப் போனதையும் சொல்லிக்கொடுங்கள்.